பொறி பறக்கலீங்க!

தமிழில் 'பொறி' என்கிற வார்த்தைக்கு இருக்கிற மவுசே தனி. எலிக்கு வைத்தால் எலிப்பொறி. கன்னத்தில் வைத்தால் கண்ணில் பொறி. குளிக்கும்போது ஐடியா வந்தால் பொறி தட்டியது. நாலு வருஷம் ஃபீஸ் கட்டினால் பொறியியல். எங்கள் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லெறிந்தால் ஒன்று பொறியியல் கல்லூரி மேல் விழும், இல்லாவிட்டால் அதில் படித்துவிட்டு வேலை தேடுகிறவர் மேல் விழும். (நான் பி.காம். என் மேல் விழுந்தால் அது கல்லின் தவறு.)

இத்தனை பொறி இருக்கிற ஊரில், ஒரே ஒரு பொறி மட்டும் மூன்று நாள் வராமல் அடம்பிடித்து, ஒரு கல்யாண வீட்டையே கதிகலங்க வைத்ததை இந்த வாரம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் பொறி என்றால் என்ன என்று இரண்டு பாரா. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

பெட்ரோல் எஞ்சின் ஒரு சோம்பேறி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து வாயில் ஊட்டினால் மட்டும் போதாது, யாராவது தீக்குச்சி கிழித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தீக்குச்சிதான் ஸ்பார்க் பிளக். பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாது. அதனால் நடுவில் காயில் என்று ஒரு குடுவை. அதற்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'டப்'பென்று அறுத்துவிட்டால், அந்த அதிர்ச்சியில் 12 வோல்ட் என்பது பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாகக் கிளம்புகிறது. அறுத்துவிடுகிற வேலை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயின்ட்டுடையது. அறுக்கிற இடத்தில் தீய்ந்து போகாமல் காப்பது கண்டென்சர். வந்த பொறியை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்று பந்தி விசாரிப்பது ரோட்டர். 

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காகச் செய்து கொடுத்த ஏற்பாட்டின் வாரிசு இது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு விநாடிக்கு நூறு பொறி. நம் ஆபீஸில் ஒரு ஃபைலுக்கு மாசத்துக்கு ஒரு பொறி கிளம்பினாலே டீ பார்ட்டி வைக்கிறோம்.

டீசல் எஞ்சின் அப்படியில்லை. அது கோபக்காரன். காற்றைப் பிடித்து இருபதில் ஒரு பங்காக நசுக்கும். அந்த நசுக்கலில் காற்றே கொதித்துவிடும். டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். காயில் கிடையாது, பாயின்ட் கிடையாது, பிளக் ஒயர் கிடையாது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் பெரியப்பா பொள்ளாச்சி ஸ்டாண்டில் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். ஒரே அம்பாசடர். அந்த வண்டி இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தது, ஒரு பையனைப் படிக்க வைத்தது, ஓட்டு வீட்டை ஒட்டி இரண்டு தார்சு ரூம் எடுத்தது. வாங்கும்போது பெட்ரோல் வண்டி. தொண்ணூறுகளில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல், ஊரோடு ஒத்து, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டார். அப்போது கொங்கு நாட்டில் பாதி டாக்ஸிகள் அப்படித்தான். சத்தம் ரைஸ் மில் மாதிரி இருக்கும். ஆனால் வாடகை மிச்சமாகும்.

எஞ்சின் மாற்றுவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. கோயமுத்தூர்க்காரரான எஸ். கரிவரதன் 1988-ல் செய்ததே அதுதானே! குடும்பம் குடும்பமாக மருதமலைக்கும் பழனிக்கும் போய்க்கொண்டிருந்த மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து, ஒரே ஒரு ஆள் உட்காரும் ரேஸ் காரில் வைத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். காசுக்காரர்கள் மட்டும் ஓட்டிய ரேஸைக் கொஞ்சம் கைக்கெட்டுகிற தூரத்துக்குக் கொண்டு வந்தது அந்தக் கார்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கால் வைத்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் இந்த ஃபார்முலா மாருதியில் விழுந்து எழுந்தவர். கரிவரதன் 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 

அதற்கும் ரொம்ப முன்னாலேயே, 1920-ல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர் ஜி.டி. நாயுடு. ஆக, இந்தப் பக்கத்து மண்ணில் தென்னைக்கு அடுத்தபடி நன்றாக முளைப்பது ஸ்பேனர்தான்.

சரி, கதைக்கு வருவோம். பெரியப்பாவின் பேத்திக்கு, அதாவது எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை முகூர்த்தம். "பொண்ணு மண்டபத்துக்கு என்ற வண்டியிலதான் வரோணும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவருக்கு எண்பத்தி இரண்டு வயசு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். சொன்னால் சொன்னதுதான். அம்பாசடர் உற்பத்தியே 2014 மே மாதம் நின்று போயாச்சு. மாட்டுக் கொட்டகையில் ஏழெட்டு வருஷமாகப் படுத்திருந்த வண்டியின் டீசல் எஞ்சின் இறுகிப் போய்க் கிடந்தது. அண்ணன் அலைந்து திரிந்து, பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பிடித்துவிட்டார். பிறந்தபோது இருந்த இதயத்தையே திருப்பி வைப்பது மாதிரி!

சுந்தராபுரம் பக்கம் ஒரு ஷெட். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் உள்ளே இறங்கியது. சாயந்திரம் பூசணிக்காய் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு செல்ஃப் போட்டார்கள். 'ர்ர்ர்ர்ர்' என்று சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கிளம்பவில்லை.

திங்கட்கிழமை புதுப் பிளக் வந்தது. கிளம்பவில்லை. பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வந்தது. ஊஹூம். செவ்வாய்க்கிழமை காயில், கண்டென்சர், சி.பி. செட். ர்ர்ர்ர்ர். ஷெட் முதலாளிக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துத்தான் மாற்றினார். சாவியைத் திருப்பிக் காயிலின் பேட்டரி பக்கத்தில் வைத்தால் லாம்ப் எரிகிறது. சரி, கரன்ட் வருது. செல்ஃப் போட்டபடி பாயின்ட் பக்கத்தில் வைத்தால் மினுக் மினுக்கென்று கண் சிமிட்ட வேண்டும். சிமிட்டவில்லை, இருட்டாகவே இருந்தது. அப்படி இருந்தால் பாயின்ட் எங்கேயோ பாடியில் தொட்டு எர்த் ஆகிறது, இல்லை காயில் அறுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். புத்தகப்படி சரி. ஆனால் இரண்டையும் மாற்றியும் இருட்டு போகவில்லை.

மனுஷனுக்கு விடை கிடைக்காவிட்டால் என்ன செய்வான்? ஆளைத் தேடுவான். ஷெட்டில் ஒரு பையன். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும், வேலைக்கு வந்து எட்டு மாசம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழுவி வைத்தது அவன்தான். "என்னத்தையோ கீழ போட்டு ஒடச்சிருக்கறான். கேட்டா முழிக்கறான் பாருங்க" என்றார் முதலாளி. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஏனுங்ணா, செல்ஃப் போடறப்ப காயில்ல லாம்ப்பு அணையுதுங்க..."

"பேட்டரி எறங்கியிருக்குதுடா, அணையாம ஆடுமா?" என்று ஒரு குட்டு. கண்ணில் பொறி பறந்திருக்கும். காரில்தான் பறக்கவில்லை. "நாளைக்கு வண்டி கெளம்புலீன்னா உன்ற கணக்கை முடிச்சிக்க" என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. சாமான் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதாகவும் பேச்சு. அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் அரிசி வாங்குகிறார்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரர் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. கல்யாணத்துக்காக வண்டி எடுக்கப் போய் ஒரு வீட்டு அடுப்பை அணைக்கிறோமே என்று.

புதன்கிழமை காலை உக்கடத்திலிருந்து ஒரு பாயைக் கூட்டி வந்தோம். ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அறுபது வயசு, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்ட் லாம்ப். பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் டீ குடித்தார். அப்புறம் கேட்டார்: "செல்ஃப் போட்டு சாவியை விடறப்போ வண்டி ஒரு உதறு உதறுதா?"

முதலாளி யோசித்தார். பையன் உடனே, "ஆமாங்க பாய், விட்டதும் டுப்புன்னு ஒண்ணு வருதுங்க" என்றான்.

பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். "நீ இங்க வா கண்ணு. சாவிகிட்ட உட்காரு."

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். பழைய பாயின்ட் வண்டி வைத்திருப்பவர்கள் கத்தரித்து வைத்துக் கொள்ளலாம்.

ஒன்று: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடுவில் போகும் தடி ஒயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் போட்ட குறடால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்தார். (வெறுங்கையால் பிடித்தால் பொறி தெரியும், பெரிய சாமியும் தெரியும். பெட்ரோல் கசிகிற இடத்தில் இந்த வேலையே வேண்டாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியிலும் வேண்டாம், யூனிட் போய்விடும்.) செல்ஃப் போடச் சொன்னார். பொறி இல்லை. இங்கேயே பொறி இல்லையென்றால் மூடி, ரோட்டர், பிளக், பிளக் ஒயர் யாரும் குற்றவாளி இல்லை. திங்கட்கிழமை வாங்கின சாமான் அத்தனையும் விடுதலை.

இரண்டு: எஞ்சினை நிறுத்தியே வைத்து, பாயின்ட் மூடியிருக்கும்படி சுற்றி விட்டு, சாவியை ஆன் மட்டும் செய்யச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரால் பாயின்ட்டை லேசாக விலக்கினார். 'டிக்'! நீலமாக ஒரு பொறி, அழகாக. மறுபடி விலக்கினார். மறுபடி பொறி. மூன்று நாளில் முதல் தடவை. முதலாளி வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஆக, காயில் நல்ல காயில், பாயின்ட் நல்ல பாயின்ட், கண்டென்சர் நல்ல கண்டென்சர். பையன் கழுவி வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர்.

மூன்று: அப்படியானால் செல்ஃப் போடும்போது மட்டும் ஏன் இல்லை? டெஸ்ட் லாம்ப்பைக் காயிலின் பேட்டரி பக்கம் வைத்தார். சாவி ஆன். எரிந்தது. "இப்ப செல்ஃப் போடு கண்ணு." லாம்ப் மங்கவில்லை, சுத்தமாக அணைந்தது. பேட்டரி இறங்கினால் மங்கும். இப்படி அடியோடு அணையாது. கையை எடுத்ததும் மறுபடி எரிந்தது. அந்த ஒரு கணத்தில், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பொறி போய் அது ஒரு உதறு உதறுகிறது. பையன் நேற்றே சொன்னது இதைத்தான்.

"காயிலுக்கு எங்கிருந்து லைன் எடுத்தீங்க?" என்றார் பாய்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிவப்பு ஒயர் தொங்கிக்கொண்டிருந்ததாம். லாம்ப் வைத்தால் எரிந்ததாம். முதலாளியே அதிலிருந்து இழுத்துவிட்டாராம்.

அப்போதுதான் பெரியப்பா. அதுவரைக்கும் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், "செவப்பு ஒயரா? அது நம்ம டேப்ரெக்கார்டர் ஒயரல்லொ!" என்றார். எல்லோரும் திரும்பினோம். "டீசல் எஞ்சின் வெச்சப்ப சாவி சுவிட்சும் புதுசு போட்டானுங்க. அதுல இருந்து டேப்புக்கு லைன் குடுத்தான். செல்ஃப் போட்டா பாட்டு நின்னுரும், வண்டி கெளம்புனா மறுக்கா பாடும். காயில் ஒயரு வெள்ளை. டீசலுக்கு எதுக்குன்னு அதைய வெட்டி, டேப்பு சுத்தி, உள்ளார சொருவிப் போட்டான்."

சாவி சுவிட்சில் எல்லா முனையும் ஒன்றல்ல. செல்ஃப் மோட்டார் எக்கச்சக்கமாக மின்சாரம் குடிக்கும் என்பதால், ஸ்டார்ட் பண்ணுகிற அந்தச் சில விநாடிகளுக்கு ரேடியோ, விசிறி மாதிரி அலங்காரச் சாமான்களின் லைனைப் பல சுவிட்சுகள் துண்டித்துவிடும். காயிலுக்கு லைன் எடுக்க வேண்டியது இக்னிஷன் முனையிலிருந்து. அது ஆனிலும் இருக்கும், ஸ்டார்ட்டிலும் இருக்கும். இங்கே காயில் பாவம், பாட்டுக்காரர் லைனில் உட்கார்ந்திருந்தது.

பாய் ஒயரிங் சுருளைப் பிரித்தார். உள்ளே, தொண்ணூறுகளின் இன்சுலேஷன் டேப் சுற்றி, பத்திரமாக இருந்தது வெள்ளை ஒயர். "இதை வெட்டுனப்ப இந்தப் பையனோட அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது" என்றார் முதலாளியைப் பார்த்து. கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் முதலாளி அதற்கப்புறம் பையனைப் பார்க்காமல் ஸ்பேனர்களை அடுக்க ஆரம்பித்தார். கணக்கு முடிக்கிற பேச்சு அத்தோடு முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "போய் எல்லாருக்கும் டீ சொல்லு. நீயும் ஒரு பன்னு தின்னு" என்றார். முதலாளிகள் மன்னிப்புக் கேட்கிற பாஷை அது. பையனுக்கும் அந்த பாஷை தெரிந்திருந்தது.

வெள்ளை ஒயர் சேர்ந்தது. பையன்தான் சாவி போட்டான். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. ரைஸ் மில் சத்தம் இல்லை. தையல் மெஷின் மாதிரி மெதுவான ஓட்டம். பெரியப்பா எழுந்து வந்து பானெட் மேல் கை வைத்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தோன்றியது இதுதான். மூன்று நாளாக அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியின் ஜாதகமே தெரிந்த ஒரே மனுஷர். ஒருத்தரும் கேட்கவில்லை. பையனுக்கு அறிகுறி தெரிந்திருந்தது, பெரியப்பாவுக்குப் பூர்வீகம் தெரிந்திருந்தது. எட்டு மாச சர்வீஸ் என்பதால் ஒருவரையும், எண்பத்தி இரண்டு வயசு என்பதால் இன்னொருவரையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்தவர்கள் கடை கடையாக ஏறிச் சாமான் வாங்கினோம். நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள், சாஃப்ட்வேர் மாற்றுகிறார்கள், மானேஜரையே மாற்றுகிறார்கள். பழைய ஒயரை யார், எப்போது, எதற்கு வெட்டினார்கள் என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் ரெக்கார்ட் கிளார்க்கை யாராவது கேட்கிறார்களா?

புது வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் காரில் பாயின்ட் இல்லை, ரோட்டர் இல்லை. அதற்குப் பதில் சென்சார், கம்ப்யூட்டர், சாவிக்குள் சிப். எஞ்சினையும் கம்ப்யூட்டரையும் வேறு வண்டியிலிருந்து எடுத்து வைத்தால், சாவியை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி வண்டி கிளம்பாது. கேள்வி அதே மூன்றுதான்: கரன்ட் வருதா? செல்ஃப் போடும்போதும் வருதா? அறுக்கிற ஆள் அறுக்கிறானா? மோட்டார் பைக் வைத்திருக்கும் தம்பிகளுக்கு நாலாவது கேள்வி: ஆபீஸ் ஸ்டாண்டில் எவனாவது ஹேண்டில்பாரில் இருக்கிற சிவப்பு சுவிட்சை அமுக்கிவிட்டுப் போனானா? அதைப் பார்க்காமல் அரை மணி உதைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கம்பெனிக்காரன் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. எங்கள் வண்டி பிறந்ததே பெட்ரோலில். அண்ணன் முன்கூட்டியே மனுப் போட்டு, எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் ஆர்.சி.யில் ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டார். எஞ்சினில் பொறி வர மூன்று நாள். ஆபீசில் பேனாவில் மை வர எத்தனை நாள் என்பது தனிக் கட்டுரை.

முகூர்த்தத்துக்குப் பெண் அம்பாசடரில்தான் வந்தாள். ஓட்டியது அண்ணன். முன் சீட்டில் பெரியப்பா. மண்டபத்து வாசலில் இறங்கும்போது பாயைப் பற்றி விசாரித்தார். அந்தச் சிவப்பு ஒயர் இப்போது சும்மாதானே கிடக்கிறது, மறுபடி டேப்ரெக்கார்டர் மாட்டித் தருவாரா என்று கேட்கச் சொன்னார்.

"செல்ஃப் போட்டா பாட்டு நின்னுருமே பெரியப்பா?" என்றேன்.

"நிக்கட்டுமே. பாட்டு நின்னா வண்டி கெளம்பப் போவுதுன்னு அர்த்தம்" என்றார்.